டிப் பவுடர் நகம்: போடுவது, கழற்றுவது, டப்பாவைச் சுத்தமாக வைப்பது

போன தை மாதம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பெண்ணின் தங்கைக்கு நகம் போட உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவளுடைய அப்பத்தா, எண்பதை எட்டப்போகிற ஆச்சி, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியின் ஆள்காட்டி விரலில் பசையைத் தடவி, ரோஜா நிறப் பவுடர் டப்பாவுக்குள் முக்கி எடுத்தேன். அடுத்த விரலுக்குப் போகும்போது ஆச்சி கேட்டார்.

"ஏத்தா, காலையில வந்த பிள்ளைக்கும் இந்த டப்பாதானே?"

"ஆமா ஆச்சி."

"ஊறுகா ஜாடியிலயே கைய விடமாட்டோம். இதுல ஊரு விரலையெல்லாம் விடுறியே."

எனக்குப் பேச்சு வரவில்லை. காரைக்குடியில் 12 வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். டிப் பவுடர் போடத் தொடங்கி 4 வருடம் ஆகிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த இடத்தில் டப்பாவில் முக்கித்தான் காட்டினார்கள். பெயரே டிப், அப்புறம் முக்காமல் எப்படி என்று நானும் யோசித்ததில்லை. அன்று இரவு கடையைப் பூட்டும் முன் அந்த டப்பாவை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். பவுடருக்குள் சின்னச் சின்னக் கட்டிகள், ஒரு கண்ணிமை முடி, உலர்ந்த தோல் போல ஏதோ ஒரு துணுக்கு. அத்தனையையும் குப்பையில் போட்டேன். அதன் பிறகு என் கடையில் யாருடைய விரலும் டப்பாவுக்குள் போவதில்லை. பவுடர்தான் விரலுக்கு வருகிறது.

வீட்டிலேயே போட்டுக்கொள்ள கிட் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும், பார்லரில் போய் உட்காருகிறவர்களுக்கும், என்னைப் போல் தொழில் செய்கிற தங்கைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

பொடி எப்படிக் கல்லாகிறது

ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து நிறக்கலவையை ஊற்றுவார்கள். அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுவார்கள். பொடி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். பின்னால் இன்னொரு அடுக்கு போட்டு, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கல் தயார். சூளையே கிடையாது.

டிப் பவுடரும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். ஈரப் பசைமேல் காய்ந்த பொடி விழுகிறது, பொடி பசையைக் குடிக்கிறது, விளக்கோ சூடோ இல்லாமல் இறுகுகிறது. ஜெல் நகத்துக்கு மட்டும்தான் யூவி விளக்கு வேண்டும்.

இங்கே பசை என்பது சயனோஅக்ரிலேட். ஆமாம், பெட்டிக்கடையில் சின்ன டியூபில் வாங்கி உடைந்த பொம்மையை ஒட்டுகிறோமே, அந்தக் குடும்பம்தான். 1942இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கியில் குறி பார்க்கும் பகுதிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பொருள் தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் எரிச்சலில் ஒதுக்கிவிட்டார். பல வருடம் கழித்து அதே குணத்துக்காகவே எடுத்து, 1958இல் பசையாக விற்பனைக்கு விட்டார்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டாலே இது இறுகத் தொடங்கும். நம் ஐப்பசி அடைமழையில் பாட்டில் மூடி ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்பதற்கு விடை இதுதான்.

அதற்காக ஹார்டுவேர் கடைப் பசையை நகத்தில் போட்டுவிடாதீர்கள். நகத்துக்கென்று விற்பதைத்தான் போட வேண்டும்.

பவுடர் என்பது அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் மாவு. பெரும்பாலும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், பாலிஎத்தில் மெத்தாக்ரிலேட் போன்றவை. கூடவே நிறமி, கொஞ்சம் பென்சாயில் பெராக்சைடு. மூன்றாவது ஆள் ஆக்டிவேட்டர். அதில் உள்ள அமீன் வகைப் பொருள், மெதுவாக இறுகிக்கொண்டிருக்கும் பசையை ஒரேயடியாக இறுக்கிவிடும். அடியில் பூசும் பசையான பேஸ், பவுடர், ஆக்டிவேட்டர், மேலே பூசும் டாப் கோட். இந்த நாலும்தான் சாமான். டாப் கோட்டும் சயனோஅக்ரிலேட்தான். அதை நெயில் பாலிஷ் என்று நினைத்து அலட்சியமாகத் தடவக் கூடாது.

பழைய அக்ரிலிக் நகத்தில் மூக்கைத் துளைக்கும் ஒரு திரவம் உண்டு. மோனோமர் என்பார்கள். அதில் மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்த சரக்கால் நகம் கெட்டுப்போய், 1970களிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடவடிக்கை எடுத்திருக்கிறது. டிப் முறையில் அந்தத் திரவம் இல்லை, வாடையும் குறைவு. இதை வைத்துத்தான் "நேச்சுரல்", "கெமிக்கல் இல்லாதது" என்று விற்கிறார்கள். சிரிப்புத்தான் வருகிறது. வைட்டமின் சேர்த்தது என்று ஒட்டியிருக்கும் லேபிளும் அப்படித்தான். வெளியே தெரியும் நகம் உயிரில்லாத கெரட்டின். அதற்கு வைட்டமின் ஊட்டுவது உதிர்ந்த முடிக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி.

உட்காரும் முன் நகத்தைப் பாருங்கள்

வாடிக்கையாளர் வந்ததும் நிறத்தைக் காட்டாதீர்கள். முதலில் பத்து விரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகச்சுற்று இருக்கிறதா, ஓரம் வீங்கிச் சிவந்திருக்கிறதா, நகம் மஞ்சளித்துத் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்கிறதா, பச்சை நிறத் திட்டு தெரிகிறதா, மரு இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை. நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொள்ளும் வைத்தியம் நம் வீடுகளில் உண்டு. சீழ் வைத்துவிட்டால் அதோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருதாணிக் கறை பிரச்சினை இல்லை, அடியில் கிடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மருதாணியை எடுத்த சூட்டோடு, எண்ணெய் தடவிய கையோடு வந்தால் எதுவும் ஒட்டாது. கல்யாண வீடுகளில் நான் சொல்வது: நகத்தை முதலில் முடித்துவிடுங்கள், மருதாணி மறுநாள். மருதாணிக்காரரும் நானும் ஒரே கைக்கு ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ள வேண்டாமே.

போடும் முறை

இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நானும்தான், அவர்களும்தான். கழுவி நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மெனிக்யூருக்குச் செய்வது போல வெந்நீரில் விரலை ஊறவைக்காதீர்கள். நகம் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பிய நகத்தின்மேல் பூசினால், அது காய்ந்து சுருங்கும்போது ஓரம் தூக்கிக்கொள்ளும்.

பழைய பாலிஷை எடுத்துவிட்டு, நகம் முளைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய செத்த தோலை மரக்குச்சியால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெட்டாதீர்கள். க்யூட்டிகிள் என்று நாங்கள் சொல்லும் அந்த ஓரம்தான் நகத்துக்கும் தோலுக்கும் நடுவே வைத்த சீல். வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே கிருமிக்கு வாசல் திறந்துவிடும். அது மட்டுமா, வெட்டிய இடத்தில் பொட்டு ரத்தம் வந்தால் அன்றைக்கு அந்த விரலில் பவுடர் கூடாது.

நகத்தை வேண்டிய வடிவுக்கு அராவிய பின், மேல் பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் பஃபர், அதாவது மென்மையாகத் தேய்க்கும் கட்டை, போடுங்கள். நம் ஆட்களுக்குக் கை இங்கேதான் நிற்பதில்லை. நகத்தின் மொத்தத் தடிமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நான்கு இழுப்பு அதிகமாக இழுத்தால், அடுத்த மாதம் "டிப் போட்டதில் என் நகம் தாளாகிவிட்டது" என்று வந்து நிற்பார்கள். பவுடர்மேல் பழி, செய்தது அரம்.

தூசியைத் துடைத்துவிட்டு நகத்தின் எண்ணெய்ப்பசையை எடுக்கும் திரவத்தை ஒருமுறை தடவுங்கள். பாட்டிலில் ப்ரெப் என்றோ டீஹைட்ரேட்டர் என்றோ போட்டிருக்கும். நகம் வெளுத்துக் காய்ந்து தெரியும். இனி அந்த நகத்தை விரலால் தொடக் கூடாது.

அடுத்து பேஸ். ஒரு நேரத்தில் ஒரு விரல் மட்டும். பத்துக்கும் தடவிவிட்டுப் பவுடருக்கு வந்தால் முதல் விரல் காய்ந்திருக்கும். ப்ரஷை பாட்டில் வாயில் வழித்து, மெல்லிய ஒரே பூச்சு. தோலுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விடுங்கள். தோலில் பட்டால் உடனே மரக்குச்சியால் எடுத்துவிடுங்கள். இந்த இடைவெளி அழகுக்காக இல்லை. பசை தோலில் படப்படத்தான் ஒவ்வாமை வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பசை ஈரமாக இருக்கும்போதே பவுடர். விரலைச் சாய்த்துப் பிடித்து, தேக்கரண்டியால் அள்ளி நகத்தின்மேல் கொட்டுங்கள். பசை குடித்தது போக மீதி உதிரும். சில நொடி விட்டு விரலைத் தட்டி, மெல்லிய ப்ரஷால் தோலில் கிடப்பதை வழித்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் முந்தையதைவிட மெல்லியதாகத் தொடங்கி, நகத்தின் அடியில் கனம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பழைய வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியவர்கள் ஒரே நாளில் ஒரு விரற்கடை அப்பிவிட்டுப் போகவில்லை. மெல்லிசாக ஒன்றின்மேல் ஒன்றாகத் தேய்த்ததால்தான் இன்னும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

அப்புறம் ஆக்டிவேட்டர். எல்லா விரலுக்கும் தடவி இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பூச்சு தட்டினால் 'டக்' என்று கேட்கும் அளவுக்கு இறுகிவிடும். இப்போது அராவி, மேடுபள்ளம் எடுத்து, பஃபர் போட்டு, தூசியைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலைக்கு உட்காராதீர்கள். துணி மாஸ்க் போதாது, என்95 போடுங்கள். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் இந்தத் தூசியைச் சுவாசிக்கிறார். நாம் நாள் முழுக்கச் சுவாசிக்கிறோம்.

மறுபடி ஒரு பூச்சு ஆக்டிவேட்டர். இந்தத் தடவை அது முழுக்கக் காய்ந்த பிறகே டாப் கோட். ஈரம் இருக்கும்போதே டாப் ப்ரஷை வைத்தால் ப்ரஷ் அங்கேயே கல்லாகிவிடும், பாட்டிலும் கெட்டுப்போகும். நான் இப்படி மூன்று பாட்டில் தொலைத்திருக்கிறேன். அவசரப்பட்ட நாளில்தான் மூன்றும். முதல் டாப் கோட்டை இரண்டு மூன்று இழுப்பில் சட்டென்று முடியுங்கள்; இன்னொரு பூச்சு; இரண்டு நிமிடம். பளபளப்பு தானாக வரும். கடைசியாக ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய். விலை கூடிய க்யூட்டிகிள் ஆயில்தான் வேண்டும் என்றில்லை, தேங்காயெண்ணெய் போதும்.

நன்றாகப் போட்டால் இரண்டிலிருந்து மூன்று வாரம் நிற்கும்.

டப்பா

ஆச்சி சொன்ன ஊறுகாய் ஜாடிக்கு வருவோம். பெரிய பீங்கான் ஜாடியிலிருந்து ஊறுகாயை எப்படி எடுப்பார்கள்? ஈரமில்லாத கரண்டியால் சின்னக் கிண்ணத்துக்கு எடுத்து வைப்பார்கள். பந்தியில் கிண்ணம்தான் சுற்றும், ஜாடி உள்ளறையை விட்டு வராது. கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப ஜாடியில் போடுகிற ஆளை எந்த வீட்டிலும் சமையல்கட்டுப் பக்கமே விடமாட்டார்கள். டிப் பவுடருக்கு இதற்கு மேல் ஒரு விதியும் தேவையில்லை.

நான் செய்வது இதுதான். பந்தியில் பாயசத்துக்கு வைக்கும் சின்னக் காகிதக் கப்பை மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு கப். டப்பாவிலிருந்து காய்ந்த கரண்டியால் ஒரு தேக்கரண்டி அதில் எடுத்து, டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். விரலைக் கப்புக்கு மேலே பிடித்துப் பவுடரைக் கொட்டினால் உதிர்வது அதே கப்பில் விழும். அவருடைய அடுத்த விரலுக்கு அதையே எடுக்கலாம். முடிந்ததும் கப்போடு குப்பைக்கு. முக்கித்தான் போட வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் அவர்களுடைய கப்பில் முக்கிக்கொள்ளட்டும், எனக்கென்ன.

"இவ்வளவு வீணாகிறதே அக்கா" என்று என்னிடம் வேலை பார்க்கும் பெண் முதல் வாரம் புலம்பினாள். கொட்டி எடுக்கும் முறையில் முன்பைவிட அதிகம் செலவாகத்தான் செய்கிறது. அதைக் கூலியில் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களுக்குக் காரணத்தைச் சொன்னேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

டப்பாவில் முக்கினால் உண்மையில் என்ன ஆகும்? ஈரப் பசையோடு உள்ளே போகும் விரல், தோல் செதிலையும் கிருமியையும் அங்கே விட்டுவிட்டு வருகிறது. நகக்காளான், தோலில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், மருவை உண்டாக்கும் வைரஸ் இவையெல்லாம் ஆளுக்கு ஆள் தாவக்கூடியவை. க்யூட்டிகிள் வெட்டி ரத்தம் கசிந்த விரல் போனால் விஷயம் இன்னும் பெரிது. மஞ்சள் காமாலை பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். ரத்தம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு தடவை முக்கினால் நோய் வந்தே தீரும் என்று பயமுறுத்தவில்லை. முக்காமலே அதே நகம் கிடைக்கும்போது அந்த ஆபத்தை எதற்கு வாங்க வேண்டும்?

இதற்குத் தொழிலில் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "பவுடரில் பென்சாயில் பெராக்சைடு இருக்கிறது, முகப்பரு க்ரீமில் போடுகிற அதே மருந்து. கிருமி தானாகச் செத்துவிடும்." பொருள் ஒன்றுதான், உண்மை. ஆனால் பொடியில் அது இருப்பது சொற்ப அளவில். டப்பாவைச் சுத்திகரிக்க யாரும் அதை அளந்து போடவில்லை. பசை பாட்டில் ப்ரஷுக்கும் இதே சமாதானம் உண்டு. பேஸ் ப்ரஷ் எல்லோர் நகத்தையும் தொடத்தான் செய்கிறது; அதனால்தான் புண் உள்ள நகத்தை முதலிலேயே திருப்பி அனுப்பச் சொன்னேன். முடிந்தவர்கள் பேஸையும் சின்னத் தட்டில் ஊற்றி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் ப்ரஷால் தடவலாம்.

மற்ற சாமான்கள்

அட்டை அரம், பஃபர், மரக்குச்சி மூன்றும் ஒருவருக்கு ஒன்று. தண்ணீரில் அலசித் திரும்ப வைப்பது ஏமாற்று. விலை மலிவுதான், கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இரும்புச் சாமானை முதலில் சோப்பு நீரில் ப்ரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அழுக்கோடு எந்த மருந்தில் போட்டாலும் பயனில்லை. அதன் பிறகு ஆட்டோக்ளேவ் இருந்தால் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். பிரஷர் குக்கரின் அண்ணன்தான் அது. சின்னப் பல் கிளினிக்கில்கூட இருக்கும். வாங்க முடியாதவர்கள் தோலைக் கீறும் சாமான் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல். நான் கட்டரைத் தூக்கிப்போட்டது அப்படித்தான். நீல வெளிச்சம் எரியும் பெட்டி நிறையப் பார்லரில் இருக்கிறது. சாமானை வைக்க அலமாரியாக உதவும். வெளிச்சம் படாத பக்கத்தில் கிருமி அப்படியே இருக்கும், அதை ஸ்டெரிலைசர் என்று நம்பாதீர்கள்.

மேசையைத் துடைக்க 70 சதவீத ஸ்பிரிட் வாங்குங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும். கொஞ்சம் தண்ணீர் கலந்ததுதான் கிருமிக்குள் இறங்கி வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை, நம் ஊருக்கென்றே. சயனோஅக்ரிலேட் பருத்தித் துணியில் கொட்டினால் சட்டென்று சூடேறும், புகையக்கூடச் செய்யும், அடியில் உள்ள தோல் வெந்துவிடும். காரைக்குடிக் கண்டாங்கி பருத்திதான். மடியில் கண்டாங்கியோடு உட்கார்ந்து பேஸ் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டால் சேலையும் போச்சு, தொடையும் போச்சு. பாட்டிலை மடியில் வைக்காதீர்கள், பஞ்சால் துடைக்காதீர்கள். கொட்டிவிட்டால் குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். அசிட்டோன் கண் பக்கம் போகவே கூடாது.

அரிப்பு வந்தால்

அக்ரிலேட் ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. பத்துத் தடவை ஒன்றும் ஆகாமல், பதினோராவது தடவை நகத்தைச் சுற்றி அரித்துச் சிவந்து தோல் உரியும். சிலருக்கு விரலில் ஒன்றுமிருக்காது, கண்ணிமை வீங்கும். விரலால் கண்ணைத் தொடுகிறோமே, அதனால். ஒருமுறை உடம்பு இதற்குப் பகையாகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். இதே குடும்பத்துப் பொருட்கள் பல் அடைப்பிலும், எலும்பு சிமெண்டிலும், சர்க்கரை அளக்க உடம்பில் ஒட்டும் சென்சார்களிலும் இருக்கின்றன. நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை பின்னாளில் பல் டாக்டரிடம் வந்து நிற்கலாம். அரிப்பு தொடங்கினால் வேறு பிராண்டு தேடாதீர்கள், நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஓரம் தூக்கிய நகத்தை உடனே கழற்ற வேண்டும். இடுக்கில் தண்ணீர் தேங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். மேலே இன்னொரு அடுக்குப் பூசி மறைப்பது, கறையான் பிடித்த வாசல் நிலைக்குப் பெயிண்ட் அடிப்பது போல.

யார் யார் தள்ளிப்போடலாம்

ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் கழற்றிவிட்டுப் போங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி அடர் நிறத்தில் தடுமாறலாம். டாக்டர்கள் நகத்தின் நிறத்தையும் பார்ப்பார்கள். நோயாளியை நேரடியாகக் கவனிப்பவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கை சுத்த வழிகாட்டல். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ் அக்காக்கள் என்னிடம் வந்தால் சாதாரணமாகச் சுத்தம் செய்து அனுப்பிவிடுவேன்.

பலகார வியாபாரம் செய்கிறவர்களுக்கும் வேண்டாம். கைமுறுக்குச் சுற்றும் விரலில் நகத்துண்டு ஒன்று உடைந்து மாவுக்குள் போனால் யார் கண்டுபிடிப்பது? வீட்டுச் சமையல் மட்டும் என்றால் நகத்தைக் குட்டையாக வைத்து, மாவு பிசைந்த பிறகு நகக்கண்ணைப் பழைய டூத் ப்ரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெளிர் நிறம் போட்டவர்கள் மஞ்சள் அரைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாதாம் நிறத்தில் போட்டுவிட்டுப் போன ஒரு பெண், இரண்டாம் நாள் பத்து விரலும் நாரத்தைப் பழமாக வந்து நின்றாள்.

கழற்றுவது

டிப் பவுடர் நகத்தைக் கெடுத்தது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நகம் கெட்டது கழற்றும்போதுதான். டிவி பார்த்துக்கொண்டே ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பிய்ப்பார்கள். பூச்சோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும். வெள்ளைத் திட்டுத் திட்டாக, தொட்டால் கூசும்.

பளபளக்கும் மேல் பூச்சை முதலில் அரத்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அசிட்டோன் உள்ளே இறங்காது. நகத்தைச் சுற்றித் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுங்கள், தோல் வெளுக்காது. பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தின்மேல் வைத்து அலுமினியத் தாளால் சுற்றுங்கள். 15 நிமிடம். இறுகிய பசைக்குப் பஞ்சு பகையில்லை, திரவப் பசைதான் பஞ்சோடு சண்டை போடும். தாளைக் கழற்றினால் பூச்சு களியாகக் குழைந்திருக்கும். மரக்குச்சியால் வழித்தால் வந்துவிட வேண்டும். வரவில்லையா, சுரண்டாதீர்கள். மறுபடி பஞ்சு, இன்னும் 5 நிமிடம்.

அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தரையோரமாகப் பரவும். உறையும் குளிரில்கூடப் பற்றக்கூடியது, நம் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம். சாமி அறையில் விளக்கு எரியும்போது பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து இந்த வேலை கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளையார் நோன்பு அன்று, மாவில் வைத்து எரியும் திரியான இழையை வாங்கப்போகிற கைக்கு அன்றைக்கு அசிட்டோன் வேண்டாம், முதல் நாளே முடித்துவிடுங்கள். முற்றத்தில் காற்றோட்டமாக உட்காருங்கள், பாட்டிலை உடனுக்குடன் மூடுங்கள்.

கழற்றியதும் கையைக் கழுவி எண்ணெய் தடவி, நகத்தைக் கொஞ்ச நாள் சும்மா விடலாம். மெலிந்த நகம் சரியாக, புதிது வளர்ந்து பழையது வெட்டுப்பட்டுப் போக வேண்டும். கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகம் மாற 4 முதல் 6 மாதம் ஆகும்.

பள்ளத்தூர்ப் பெண்ணுக்குச் சிங்கப்பூர் போகும் முன் நான்தான் கழற்றிவிட்டேன். ஆச்சியும் கூட வந்திருந்தார். மேசைமேல் அடுக்கி வைத்திருந்த பாயசக் கப்புகளைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு கப்பு போடுத்தா" என்று கையை நீட்டினார். ரோஜா நிறம் வேண்டாமாம், சும்மா பளபளவென்று இருந்தால் போதுமாம்.